திடநிலையில் வளையமாகும் பெப்டைடு: வாசகர் கேள்வி-பதில்

இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே வினையைப் பற்றியவை. இரண்டு அமினோ அமிலங்கள் சேர்ந்த டைபெப்டைடைக் கரைப்பான் இல்லாமல் பொடியாகவே சூடாக்கினால், அதன் அமினோ முனையும் கார்பாக்சில் முனையும் சேர்ந்து ஒரு தண்ணீர் மூலக்கூறை வெளியேற்றிவிட்டு ஆறு அணு வளையமாகும். இதுதான் டைகீட்டோபைபரசின். கீழே சுருக்கமாக 'வளையப் பொருள்' என்கிறோம்.

படிகத்துக்குள் மூலக்கூறு அசைய இடமில்லை என்றுதான் படித்தோம். அப்படியிருக்க அது எப்படி வளைகிறது? ஒளிவேதியியலில் சொல்லும் 4.2 ஆங்ஸ்ட்ராம் விதி இதற்கும் பொருந்துமா?
– முதுகலை வேதியியல் மாணவி, திருச்சி

அந்த விதி இங்கே பொருந்தாது. ஏன் பொருந்தாது என்று பார்த்தாலே வினையின் பாதி புரிந்துவிடும். இஸ்ரேலின் வைஸ்மன் கழகத்தில் கெர்ஹார்ட் ஷ்மிட் 1964-இல் சின்னமிக் அமிலப் படிகங்களைக் கொண்டு வகுத்த விதி அது. அங்கே இரண்டு இரட்டைப் பிணைப்புகள் ஏற்கெனவே இணையாக, ஏறத்தாழ 4.2 ஆங்ஸ்ட்ராமுக்குள் நிற்கின்றன. ஒளி பட்டதும் சற்றே நகர்ந்து ஒட்டிக்கொள்கின்றன. படிகச் சட்டகம் பெரிதாகக் குலைவதில்லை.

டைபெப்டைடின் நிலைமை வேறு. நேராக நீண்டு கிடக்கும் மூலக்கூறில் அமினோ நைட்ரஜனுக்கும் முனைக் கார்பனுக்கும் இடையே 5 முதல் 6 ஆங்ஸ்ட்ராம் இருக்கும். பிணைப்பு உருவான பின் அது சுமார் 1.33 ஆங்ஸ்ட்ராம். இடையில் இருக்கும் பெப்டைடு பிணைப்பு படிகத்தில் டிரான்ஸ் வடிவில் (சங்கிலியின் இரு பகுதிகளும் எதிரெதிர்ப் பக்கம்) இருக்கிறது. ஆறு அணு வளையத்துக்குள் அது சிஸ் வடிவில்தான் (இரண்டும் ஒரே பக்கம்) அடங்கும். எனவே அந்தப் பிணைப்பு அரைச்சுற்று திரும்ப வேண்டும். தனி மூலக்கூறிலேயே இதற்கு ஏறக்குறைய 80 கிலோஜூல்/மோல் தடை உண்டு. பெப்டைடுச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் வசதியாக அமரும் என்பதை 1963-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் ராமகிருஷ்ணனும் சசிசேகரனும் கணக்கிட்டுக் காட்டினார்கள். சிஸ் பெப்டைடு ஏன் இவ்வளவு அரிது என்பதற்கு ராமச்சந்திரனும் மித்ராவும் 1976-இல் விளக்கம் தந்தார்கள். டிரான்ஸில் அடுத்தடுத்த ஆல்ஃபா கார்பன்கள் (பக்கச் சங்கிலி ஒட்டியிருக்கும் கார்பன்கள்) 3.8 ஆங்ஸ்ட்ராம் தள்ளி நிற்கும். சிஸ்ஸில் சுமார் 2.9-க்கு நெருங்கிவிடும். அந்த நெருக்கடிதான் காரணம்.

ஆக, படிகம் இறுக்கமாக இருக்கும்வரை வினை நடக்காது. முதலில் படிகம் ஏதாவது ஓரிடத்தில் தளர வேண்டும். படிக நீர் வெளியேறித் துளை காலியாகலாம். வேறொரு படிக வடிவத்துக்கு மாறலாம். உருகத் தொடங்கலாம். மேற்பரப்பிலோ குறைபாட்டிலோ சில மூலக்கூறுகளுக்கு மட்டும் இடம் கிடைக்கலாம். அங்கே முதல் வளையங்கள் உருவாகும். அவற்றின் வடிவம் பழைய அடுக்கில் பொருந்தாது. அதனால் சுற்றுப்புறமும் குலைந்து, அடுத்த மூலக்கூறுகளுக்கும் வழி பிறக்கும்.

இன்னொரு தடையும் உண்டு. படிகத்தில் அமினோ முனை நேர்மின் சுமையோடும் கார்பாக்சில் முனை எதிர்மின் சுமையோடும் இருக்கின்றன. மூன்று ஹைட்ரஜனைச் சுமந்திருக்கும் நைட்ரஜனால் தாக்க முடியாது, எதிர்மின் சுமையுள்ள முனையின் கார்பனும் தாக்குதலை ஏற்காது. ஒரு புரோட்டான் இடம் மாறிய பிறகுதான் எதுவும் தொடங்கும். பக்கத்து மூலக்கூறுகளோடு உள்ள ஹைட்ரஜன் பிணைப்புகள் எவ்வளவு வலுவாக இந்தச் சுமைகளைப் பிடித்து வைத்திருக்கின்றன என்பதும் படிக அடுக்கின் கையில்தான் இருக்கிறது.

செயற்கை இனிப்பான அஸ்பார்டேமைப் பாருங்கள். அதன் முனை மெத்தில் எஸ்டர். எதிர்மின் சுமை பக்கச் சங்கிலியில் இருப்பதால் தாக்கப்பட வேண்டிய கார்பன் சுமையின்றி நிற்கிறது. அது 170 டிகிரி செல்சியஸை ஒட்டி மெத்தனாலை விட்டு வளையமாகிறது. எஸ்டர் இல்லாத அஸ்பார்டில்-ஃபினைல்அலனினுக்கு 190 டிகிரி அளவு வேண்டியிருக்கிறது.

டைஃபினைல்அலனினை (இரண்டு ஃபினைல்அலனின் சேர்ந்த டைபெப்டைடு) டிஜிஏ-வில் (சூடாக்கிக்கொண்டே எடை மாற்றத்தை அளக்கும் கருவி) ஏற்றினேன். முதல் படியில் 7.8 சதவீதமும் இரண்டாம் படியில் 5.3 சதவீதமும் எடை குறைந்தது. வளையமாக 5.77 சதவீதம் குறைய வேண்டும் என்று கணக்கு சொல்கிறது. வினை முழுமையாகவில்லையா?
– ஆய்வு மாணவர், மதுரை

உங்கள் வினை முழுமையாகவே நடந்திருக்கிறது. வகுத்த அடிதான் தவறு. 5.77 சதவீதம் என்பது உலர்ந்த பெப்டைடின் மேல் போட்ட கணக்கு: 18.02-ஐ 312.37-ஆல் வகுத்தது. நீங்கள் ஈரமான தொடக்க எடையால் வகுத்திருக்கிறீர்கள். முதல் படி முடிந்தபின் 100-க்கு 92.2 தான் மீதம். 5.3-ஐ 92.2-ஆல் வகுத்தால் 5.75 சதவீதம். இதைவிட நெருக்கமாக யாருக்கும் வராது.

முதல் படியின் 7.8 சதவீதம் துளைக்குள் இருந்த நீர், மூலக்கூறுக்கு ஏறக்குறைய ஒன்றரை. டைஃபினைல்அலனின் படிகத்தில் மூலக்கூறுகள் அறுமடித் திருகு அச்சைச் சுற்றி, தலையும் வாலும் தொட்டபடி சுருண்டு நிற்கின்றன. பென்சீன் வளையங்கள் வெளிப்பக்கம். உள்ளே சுமார் 10 ஆங்ஸ்ட்ராம் அகலத் துளை ஓடுகிறது. கார்ல் ஹென்ரிக் கோர்பிட்ஸ் 2001-இல் வெளியிட்ட கட்டமைப்பு இது. துளை நீர் உறுதியாகக் கட்டுண்டது அல்ல. அறையின் ஈரப்பதத்தைப் பொறுத்து அளவு மாறும். இன்று 7.8 என்றால் மழைக்காலத்தில் 11 வரலாம். முதல் படி ஒவ்வொரு நாளும் மாறி, இரண்டாம் படி உலர் எடையில் 5.8-ஐ ஒட்டியே நின்றால் உங்கள் புரிதல் சரி.

எடை மட்டும் போதாது. ஓட்டத்தை இப்படி அமைத்துக்கொள்ளுங்கள்: 5 முதல் 8 மி.கி., திறந்த அலுமினா கிண்ணம், நைட்ரஜன் நிமிடத்துக்கு 50 மி.லி., நிமிடத்துக்கு 10 டிகிரி. 110 டிகிரியில் எடை நிலைக்கும்வரை பிடித்து வைத்துவிட்டு மேலே போங்கள். இரண்டு படிகளும் தனித்தனியாகப் பிரியும். வெப்பம் உறிஞ்சுவதையும் உமிழ்வதையும் அளக்கும் டிஎஸ்சி கருவியின் மூடியிட்ட கிண்ணத்தில் நீராவி தேங்கும். அதனால் இரண்டு கருவிகளின் வெப்பநிலைகளும் ஒத்துப்போகாது, அதற்காகக் குழம்ப வேண்டாம். இரண்டாம் படி 5.8-ஐத் தாண்டி இறங்கிக்கொண்டே போனால் அது வினை அல்ல, வளையப் பொருள் பதங்கமாகிறது. உலையின் குளிர்ந்த பகுதியில் வெள்ளைப் படலம் தெரியும். இந்தப் பண்பையே பயன்படுத்தி 2009-இல் அட்லர்-அப்ரமோவிச்சும் குழுவினரும் டைஃபினைல்அலனினை ஆவியாக்கிப் படியவைத்து, செங்குத்தாக நிற்கும் நானோ கட்டமைப்புகளை வளர்த்தார்கள்.

150 டிகிரியில் அரை மணி வைத்த பொடியை எடுத்து மூன்று சோதனை செய்யுங்கள். அகச்சிவப்பில் 1550 செ.மீ⁻¹ அருகே உள்ள 'அமைடு II' எனப்படும் பட்டை மறைய வேண்டும். சிஸ் அமைடில் அது அந்த இடத்தில் இராது. 2100 முதல் 3000 வரை பரவிக் கிடந்த அமோனியம் மேடும் போய்விட வேண்டும். எக்ஸ்-கதிர் பொடிப் படத்தை 2 தீட்டா 3 டிகிரியிலிருந்தே தொடங்குங்கள். அறுகோண வடிவத்தின் முதல் கோடு 4.2 டிகிரியை ஒட்டி வரும். வழக்கம்போல் 10-இலிருந்து தொடங்கினால் அந்தக் கோட்டையே தவறவிடுவீர்கள். மூன்றாவது எச்பிஎல்சி, அதாவது கலவையைப் பிரித்து அளக்கும் திரவ நிறப்பிரிகை. மாதிரியைக் கரைத்தபின் காத்திருக்க வைக்காதீர்கள், கரைசலிலும் வளையமாதல் மெதுவாக நடக்கும். ஊசியேற்றும் தட்டு 5 டிகிரியில் இருக்கட்டும்.

ஹெக்சாஃப்ளூரோஐசோபுரொபனாலில் 100 மி.கி./மி.லி. கரைத்துத் தண்ணீரில் 2 மி.கி./மி.லி. ஆக்கும் வழக்கமான முறையில் நானோ குழாய் தயாரித்திருந்தால், அந்தக் கரைப்பான் சிறிது துளைக்குள் தங்கி முதல் படியின் எடையைக் கூட்டும்.

மென்படல நிறப்பிரிகையில் நின்ஹைட்ரின் தெளித்தேன். சூடாக்கிய மாதிரிக்கு எந்தப் புள்ளியும் தெரியவில்லை. மாதிரி சிதைந்துவிட்டதா?
– இளங்கலை மாணவர், கோவை

இல்லை. வளையப் பொருளில் தனி அமினோ முனை கிடையாது, எனவே ஊதா நிறம் வராது. அயோடின் ஆவியில் காட்டுங்கள். பென்சீன் வளையம் உள்ள பெப்டைடானால் 254 நானோமீட்டர் விளக்கிலும் தெரியும். நின்ஹைட்ரினில் மங்கலான ஊதாப் புள்ளி மிச்சம் இருந்தால்தான் வளையாத பெப்டைடு மீதம் இருக்கிறது என்று அர்த்தம்.

லூசில்-லூசினைத் தண்ணீரிலிருந்தும் மெத்தனாலிலிருந்தும் படிகமாக்கினேன். மெத்தனால் தொகுதி சில டிகிரி முன்னதாகவே வளையமாகிறது. மூலக்கூறு ஒன்றுதானே?
– ஆய்வு மாணவி, சென்னை

மூலக்கூறு ஒன்றுதான், திடப்பொருள் இரண்டு. லூசில்-லூசின் ஆல்கஹால்களையும் டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானையும் தன் அடுக்குகளுக்கு நடுவே சேர்த்துக்கொண்டு படிகமாகும் பழக்கமுள்ளது. கரைப்பான் ஹைட்ரஜன் பிணைப்பில் ஓர் இடத்தைப் பிடித்து உட்காருகிறது. சூட்டில் அது வெளியேறியதும் அந்த இடம் வெறுமையாகி அடுக்கு சரிகிறது. சரிந்த படிகம் வேறு ஒழுங்கான வடிவத்துக்கு மாறலாம், ஒழுங்கே இல்லாமலும் போகலாம். இரண்டாவது நடந்தால் வளையமாதல் முந்திக்கொள்ளும்.

ஒன்றுக்கு ஒன்று மெத்தனால் சேர்க்கையானால் 11.6 சதவீதம் முதலில் இறங்க வேண்டும். அதன்பின் உலர் எடையில் 7.4 சதவீதம் இறங்குவது வளையமாதல். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருந்தால் டிஜிஏ-வோடு நிறைமானியை இணைத்துப் பாருங்கள். மெத்தனாலுக்கு நிறை எண் 31, தண்ணீருக்கு 18.

இதற்கெல்லாம் முன்னால் சரிபார்க்க வேண்டிய ஒன்று உண்டு. வெளியிலிருந்து வாங்கிய பெப்டைடா? பல சமயம் அது டிரைஃப்ளூரோஅசெட்டிக் அமில உப்பாகவே வரும், சீட்டில் சிறிய எழுத்தில்தான் இருக்கும். அந்த அமிலம் அமினோ முனையைச் சுமையோடு கட்டி வைப்பதால் வளையமாதல் தள்ளிப்போகும். டைஃபினைல்அலனினின் அந்த உப்பில் எடையின் 26.7 சதவீதம் அமிலம்தான். அகச்சிவப்பில் 1200, 1135 செ.மீ⁻¹ அருகே வலுவான இரட்டைப் பட்டைகள் தெரிந்தால் சந்தேகம் உறுதி. அதன் 1670 பட்டை வளையப் பொருளின் கார்போனைல் பட்டைமேலேயே விழும். வினை நடந்துவிட்டது என்று ஏமாறுவது பெரும்பாலும் இங்கேதான். ஃப்ளூரின் என்எம்ஆரில் கழித்தல் 75 பிபிஎம் சுற்றி ஒற்றைக் கோடு வந்தால் மறுபேச்சில்லை. நீரில் கரைத்து, நீர்த்த அம்மோனியாவால் பிஎச்-ஐ 5.5 முதல் 6-க்குக் கொண்டுவந்து, குளிரவைத்துப் படிகமாக்கி, பனிநீரில் கழுவினால் சுமை சமன்பட்ட பெப்டைடு கிடைக்கும். பிறகுதான் தண்ணீரையும் மெத்தனாலையும் ஒப்பிடுவதில் பொருள் உண்டு.

சூடேற்றும் மேடை உள்ள நுண்ணோக்கி கிடைத்தால் விடாதீர்கள். ஒரு படிகத்தைச் சிலிக்கோன் எண்ணெய்த் துளியில் வைத்து நிமிடத்துக்கு 5 டிகிரி ஏற்றுங்கள். கரைப்பான் வெளியேறும்போது குமிழிகள் கிளம்பும். குமிழி எந்த முனையிலிருந்து கிளம்புகிறது, தெளிந்த ஊசி வடிவம் மாறாமல் பால்வெள்ளையாகிறதா, இல்லை ஓரங்கள் முதலில் உருண்டு உருகுகின்றனவா என்பதெல்லாம் டிஜிஏ வளைகோட்டில் தெரியாத செய்திகள். ஓரம் உருண்டுவிட்டால் நீங்கள் பார்ப்பது திடநிலை வினை அல்ல, உருகிய துளிக்குள் நடக்கும் வினை.

எங்கள் ஏசிஇ தடுப்பி (இரத்த அழுத்தம் குறைக்கும்) மருந்தின் அரைத்த தொகுதியில், 40 டிகிரி, 75 சதவீத ஈரப்பதச் சோதனையில் வளைய மாசு ஏறுகிறது. அரைக்காததில் ஏறவில்லை. பொடியின் எக்ஸ்-கதிர்ப் படம் இரண்டுக்கும் ஒன்றாகவே இருக்கிறது.
– மருந்து தயாரிப்புப் பிரிவு ஊழியர், புதுச்சேரி

எக்ஸ்-கதிர்ப் படத்தை நம்பி முடிவெடுக்காதீர்கள். பொடியில் 5 சதவீதத்துக்குக் குறைவாக ஒழுங்கற்ற பகுதி இருந்தால் வழக்கமான படத்தில் அது தெரியவே தெரியாது. அரைக்கும்போது ஒழுங்கு கெடுவது துகளின் மேற்பரப்பில். ஈரமும் துணைப்பொருள்களும் தொடுவதும் அதே மேற்பரப்பைத்தான். மாசு 0.5 சதவீதம் ஏற அந்த மெல்லிய தோலே போதும்.

இந்த மருந்துக் குடும்பம் இயல்பிலேயே வளையத்துக்குத் தயாரானது. எனலாப்ரில், லிசினோப்ரில் இரண்டிலும் முனையில் புரோலின். குயினாப்ரிலில் அதைப் போன்றே நைட்ரஜனை வளையத்துக்குள் கொண்ட ஓர் அமிலம். அப்படிப்பட்ட அமைடில் சிஸ்ஸுக்கும் டிரான்ஸுக்கும் ஆற்றல் வேறுபாடு மிகக் குறைவு. மற்ற டைபெப்டைடுகளைத் தடுக்கும் பெரிய தடை இங்கே தாழ்ந்து கிடக்கிறது. இவற்றைக் காப்பாற்றுவது படிக அடுக்கு ஒன்றுதான். குயினாப்ரில் ஹைட்ரோகுளோரைடை 2000-இல் குவோ, பிர்ன், ஸோக்ராஃபி மூவரும் ஆராய்ந்தார்கள். அசிட்டோநைட்ரைலோடு சேர்ந்த படிகத்திலிருந்து அந்தக் கரைப்பான் போனால் ஒழுங்கற்ற பொருள் மிஞ்சுகிறது. அதன் கண்ணாடி நிலை மாற்ற வெப்பநிலை (கண்ணாடிபோல் இறுகிய பொருள் தளரத் தொடங்கும் வெப்பநிலை) 91 டிகிரி. அதற்குக் கீழேயும் அது வளையமாகிக்கொண்டே இருந்தது. கண்ணாடி நிலைக்குக் கீழே வைத்தால் பத்திரம் என்ற நம்பிக்கைக்கு இடமில்லை என்பதை ஒவ்வொரு தயாரிப்புக் குழுவும் மனத்தில் கொள்ள வேண்டும்.

செய்ய வேண்டியது: அரைத்த உடனே டிஎஸ்சி-யில் பாருங்கள். உருகலுக்கு வெகு முன்னால் சிறிய வெப்ப உமிழ்வு மேடு தெரிந்தால் அது ஒழுங்கற்ற பகுதி மறுபடி படிகமாவது. நீராவி உறிஞ்சலை அளக்கும் கருவியில் ஈரப்பதத்தை 10 சதவீதம் வீதம் ஏற்றுங்கள். எடை ஏறிக்கொண்டே வந்து ஓரிடத்தில் திடீரென இறங்கினால் அதுவும் அதே சாட்சி. அரைக்கும் நேரத்தைக் குறைத்து, இடையிடையே நிறுத்தி, ஆலையின் வெப்பத்தைக் கவனியுங்கள். திரவ நைட்ரஜனில் அரைத்தால் தப்பலாம் என்று நினைக்க வேண்டாம். குளிரில் படிகம் இன்னும் எளிதாக ஒழுங்கிழக்கும். முடிந்தால் அரைப்பதைத் தவிர்த்து, தேவையான துகள் அளவிலேயே படிகமாக்குங்கள்.

உலர்த்தியையும் பாருங்கள். லிசினோப்ரில் இருநீர்ப் படிகம், அதில் 8.2 சதவீதம் நீர் இருந்தாக வேண்டும். 'நன்றாகக் காயட்டும்' என்று ஃப்ளூயிட் பெட் டிரையரில் கூடுதல் நேரம் ஓட்டி, கார்ல் ஃபிஷர் முறையில் அளந்த நீர் 6 சதவீதத்துக்கு வந்தால் நீங்கள் நீக்கியது ஈரத்தை அல்ல, படிகத்தின் தூணை. எனலாப்ரில் மாலியேட் மாத்திரைகளில் சோடியம் பைகார்பனேட் சேர்ப்பதன் காரணமும் இதையொட்டியதே: சோடியம் உப்பாகிவிட்டால் கார்பாக்சில் முனை எதிர்மின் சுமையோடு நிற்கும், தாக்குதலை ஏற்காது.

கரைப்பானே இல்லாமல் அடுப்பில் வைத்து வளைய டைபெப்டைடு தயாரிக்கலாமா? கல்லூரி ஆய்வகத்துக்கு ஏற்ற அளவு சொல்லுங்கள்.
– வேதியியல் ஆசிரியர், யாழ்ப்பாணம்

தயாரிக்கலாம், எல்லாப் பெப்டைடுக்கும் அல்ல. 200 மி.கி. பொடியை அகலமான கண்ணாடித் தட்டில் 1 மி.மீ.-க்கு மேல் தடிமன் இல்லாமல் பரப்புங்கள். குவித்து வைத்தால் நடுவில் நீராவி அடைபட்டு, மேலே வெள்ளையும் உள்ளே பழுப்புமாக வரும். முதலில் 80 டிகிரி வெற்றிட அடுப்பில் 2 மணி நேரம் வைத்துத் துளை நீரை நீக்குங்கள். பிறகு நைட்ரஜன் ஓட்டத்தில், டிஜிஏ காட்டிய தொடக்கத்துக்கு 10 டிகிரி கீழே வைத்து, எடை நிலைக்கும்வரை விடுங்கள். இந்தக் கட்டத்தில் வெற்றிடம் வேண்டாம், விளைபொருள் பதங்கமாகி அடுப்புச் சுவரில் ஒட்டும்.

கெடும் இடங்கள் இரண்டு. சூட்டில் ஆல்ஃபா கார்பனின் இடவலம் மாறி, எல்-எல் பெப்டைடிலிருந்து எல்-டி வளையம் கலக்கும். கைரல் பத்தியில் ஓட்டிப் பாருங்கள், அல்லது நீராற்பகுத்து, எல், டி வடிவங்களைப் பிரித்துக் காட்ட உதவும் மார்ஃபி வினைப்பொருளால் சோதியுங்கள். 6 மோலார் அமிலத்தில் 110 டிகிரியில் 24 மணி நேரம் நீராற்பகுக்கும்போதே சிறிது இடமாற்றம் நடக்கும். எனவே சூடாக்காத பெப்டைடையும் கூடவே ஓட்டிக் கழித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, அடுத்த மூலக்கூறின் கார்பாக்சில் தன்னுடையதைவிடப் பக்கத்தில் இருந்தால் அமினோ முனை அதைத் தாக்கும். வளையத்துக்குப் பதில் நீண்ட சங்கிலி உருவாகும். ஜெர்மன் வேதியியலாளர் எமில் ஃபிஷர் 1906-இலேயே, மும்மை கிளைசின் மெத்தில் எஸ்டரைச் சூடாக்கியபோது இரண்டு மூலக்கூறுகள் இணைந்து ஆறு கிளைசின் எஸ்டரானதைக் கண்டார். விளைபொருளில் கரையாத பகுதி மிஞ்சினால் சங்கிலியைச் சந்தேகியுங்கள்.

கிராம் கணக்கில் தூய பொருள் வேண்டுமென்றால் டைபெப்டைடு மெத்தில் எஸ்டரை 2-பியூட்டனால், டொலுவீன் கலவையில் கொதிக்கவைக்கும் பழைய முறையே மேல்.

பாயசத்துக்கு அஸ்பார்டேம் மாத்திரை போடலாமா? சூட்டில் கெடும் என்கிறார்களே.
– இல்லத்தரசி, தஞ்சாவூர்

கொதிக்கும்போது போடாதீர்கள், இறக்கி ஆறவிட்டு, பரிமாறும் நேரத்தில் கலக்குங்கள். உலர்ந்த மாத்திரையில் அது படிகமாக, நிலையாக இருக்கும். கரைந்துவிட்டால் படிகத்தின் காப்பு இல்லை. பிஎச் 4.3-ஐ ஒட்டிய புளிப்பில் ஓரளவு தாங்கும், பாலின் பிஎச்-இல் வேகமாக வளையமாகி இனிப்பை இழக்கும். அந்த வளையப் பொருளுக்கு இனிப்பு கிடையாது. விற்பனைக்கு வரும் அஸ்பார்டேமில் அது 1.5 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது தர வரம்பு. ஃபினைல்கீட்டோனூரியா (ஃபினைல்அலனினை உடல் சரியாகச் சிதைக்க முடியாத பிறவிக் கோளாறு) உள்ளவர்கள் எந்த நிலையிலும் அஸ்பார்டேமைத் தவிர்க்க வேண்டும்.

கிஸ்ஸிங்கர் முறையில் (சூடேற்றும் வேகத்தை மாற்றி மாற்றி ஓட்டி வினையின் ஆற்றல் தடையைக் கணக்கிடுவது) அழகான நேர்கோடு கிடைத்தது. ஒரே வெப்பநிலையில் வைத்தால் எஸ் வடிவ வளைகோடு வருகிறது. எதை எடுத்துக்கொள்வது?
– ஆய்வு மாணவர், வேலூர்

எஸ் வளைகோட்டை. கிஸ்ஸிங்கர் நேர்கோடு வினை எப்படி நடக்கிறது என்பதைச் சொல்லாது, பல வழிமுறைகளுக்கு அது நேராகவே வரும். தொடக்கத்தில் மந்தம், நடுவில் வேகம், முடிவில் மந்தம் என்றால் வளையப் பொருளின் கருக்கள் தோன்றி வளர்கின்றன. இப்படிக் கரு தோன்றி வளர்வதை விவரிக்கும் அவ்ராமி சமன்பாட்டில் பொருத்திப் பாருங்கள். வேகம் முதல் நொடியிலேயே உச்சமாக இருந்தால் மேற்பரப்பிலிருந்து உள்நோக்கி நகரும் எல்லையோ ஆவி வெளியேறும் தடையோ காரணம். இரண்டில் எது என்பதை 2 மி.கி., 10 மி.கி. இரண்டையும் ஓட்டினால் அறியலாம். அளவு கூடியதும் வளைகோடு நகர்ந்தால் ஆவிதான் கட்டுப்படுத்துகிறது. 75 முதல் 150 மைக்ரான் சலித்த பொடியையே எல்லா ஓட்டத்துக்கும் பயன்படுத்துங்கள்.

இந்த ஓட்டங்களில் கிடைக்கும் வேக எண்ணைக் கொண்டு அறை வெப்பநிலையில் எத்தனை ஆண்டு தாங்கும் என்று கணக்கிட முனையாதீர்கள். 150 டிகிரியில் வினைப்படுவது நீரிழந்து தளர்ந்த படிகம், 30 டிகிரியில் புட்டியில் இருப்பது நீரோடு கூடிய படிகம். ஆயுள் கணிப்பு வேண்டுமானால் 50, 60, 70 டிகிரியில், ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தி, மாதக்கணக்கில் வைத்து எச்பிஎல்சி-யில் மாசை நேரடியாக அளக்க வேண்டும்.